நான்காவது இலை விரியும் வரை

விதையிலிருந்து காய்கறியும் பூச்செடியும் வளர்க்கப் புதிதாகத் தொடங்குகிற அக்கம்பக்கத்தார் என்னிடம் முதலில் கேட்பது உரத்தைப் பற்றித்தான். மண்புழு உரம் எவ்வளவு போடுவது, பஞ்சகவ்யம் எத்தனை நாளைக்கு ஒருமுறை தெளிப்பது, மீன் அமிலத்தை வீட்டிலேயே செய்துகொள்ளலாமா என்று கேட்கிறார்கள். இவற்றுக்கு விடை சொல்வது எளிது. ஆனால் சேலத்தில் மொட்டை மாடியில் போட்ட விதை செடியாகாமல் போவதற்கு உரக்குறைவு காரணமாக இருப்பது மிக அரிது. விதை மண்ணுக்குள் போன நாள் தொடங்கி, முளைத்ததும் முதலில் விரியும் விதையிலைகளுக்கு மேலே நான்காவது இலை விரியும் நாள் வரை உள்ள மூன்று நான்கு வாரங்களில் அதற்குக் கிடைக்கும் ஈரமும் காற்றும் வெளிச்சமுமே அந்தச் செடியின் தலையெழுத்தைத் தீர்மானித்துவிடுகின்றன. ஆகவே அந்தச் சில வாரங்களைப் பற்றி மட்டும், சற்று விரிவாகவே, இங்கே எழுதுகிறேன்.

உலர்ந்த விதைக்குள் ஒரு சிறு கருவும், அது சொந்தமாக உணவு தயாரிக்கத் தொடங்கும் வரை உண்பதற்கான சேமிப்பும் இருக்கின்றன. தண்ணீர் உள்ளே புகுந்ததும் விதை உப்பி, உறங்கிக்கிடந்த கரு மூச்சுவிடத் தொடங்குகிறது. அதன் பிறகு பின்வாங்க வழியில்லை. ஈரம் பட்டு விழித்த விதை, வேர் வெளியே நீட்டிய நிலையில் ஒரு பிற்பகல் முழுவதும் காய்ந்துபோனால் மறுபடி தண்ணீர் ஊற்றினாலும் பிழைப்பதில்லை. மறுபுறம், மண் சகதியாகவே இருந்தால் துகள்களுக்கு இடையே காற்று இல்லாமல் கரு மூச்சுத் திணறி அழுகிவிடுகிறது. காய்ந்தும் போகாமல், ஊறியும் போகாமல் வைத்திருப்பதுதான் விதைப்பவரின் முழு வேலை. சேலத்து வெயிலில் தொட்டியின் மேல்மண் அரை அங்குலம் சில மணி நேரத்திலேயே காய்ந்துவிடும் என்பதாலும், நாம் விதையை வைப்பது அந்த அரை அங்குலத்தில்தான் என்பதாலும், இந்த வேலை இங்கே கூடுதல் கவனத்தைக் கேட்கிறது.

அதனால்தான் எப்போது விதைப்பது என்பதில் நான் மிகவும் பிடிவாதமாக இருக்கிறேன். ஆடிப்பட்டம் தேடி விதை என்று சொல்லிவைத்தது நம் ஊருக்கு அப்படியே பொருந்துகிறது. சேலத்திற்கு நல்ல மழை கிடைப்பது ஆகஸ்டு, செப்டம்பர், அக்டோபர் மாதங்களில்தான். ஆடியில் போட்ட விதை முளைத்து, நாற்றாகி, நடவு முடிந்து வேர் பிடிக்கும் வேளையில் அந்த மழை வந்து சேர்கிறது. இரண்டாவது நல்ல காலம் தைப்பட்டம். பனியும் குளிரும் குறைந்து, வெயில் இன்னும் கடுமையாகாத அந்த நாள்களில் வெண்டை, கொத்தவரை, வெள்ளரி, பூசணி வகைகளை விதைக்கலாம். பங்குனி, சித்திரையில் மட்டும் புதியவர்கள் நாற்று விடவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். தக்காளி விதை 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் நன்றாக முளைக்கும்; 35 டிகிரியைத் தாண்டினால் முளைப்பு வெகுவாகக் குறைந்துவிடும். சித்திரையில் சிமெண்டுத் தளத்தின் மேல் வைத்த கறுப்புத் தட்டிற்குள் அந்த அளவை எட்டுவதற்குக் காலை பத்து மணியே போதும்.

பட்டம் என்னும் விதைப்புக் காலம் மழையையும் வெயிலையும் மட்டும் பொறுத்ததன்று. பந்தலில் ஏறும் நாட்டு அவரை, பகல் குறுகும் காலத்தில்தான் பூக்கும். ஆடியில் விதைத்தால் கொடி நன்றாகப் படர்ந்து மார்கழி, தையில் காய்த்துக் குலுங்கும். அதே விதையைத் தையில் போட்டால், நாள் நீண்டுகொண்டே போவதால், பந்தல் முழுவதும் இலையாக நிறையுமே தவிர பூ வருவதற்கு மாதக்கணக்கில் காத்திருக்கவேண்டியிருக்கும். அதைக் கண்டு உரம் போதவில்லை என்று எண்ணிச் சாணத்தையும் புண்ணாக்கையும் மேலும் மேலும் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஏற்காட்டில் இருப்பவர்களுக்குக் கணக்கே வேறு. சேலம் நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டரில் இருக்கிறது. இந்த உயர வேறுபாட்டால் அங்கே வெப்பம் ஏழெட்டு டிகிரி குறைவு. சமவெளியில் வாட்டம் கண்டுவிடும் கேரட், பீட்ரூட், முட்டைக்கோசு, பட்டாணி ஆகியவை மலையில் இயல்பாக வருகின்றன. ஆனால் கீழே பத்து நாளில் முளைக்கும் மிளகாய் அங்கே மார்கழிக் குளிரில் மூன்று வாரம்கூட எடுத்துக்கொள்ளும். ஏற்காட்டில் குடியிருக்கும் என் அக்கா, மிளகாய் நாற்றுத்தட்டை அடுப்படியில் சுவரோரம் வைத்து முளைக்கவிட்டு, முளை தெரிந்ததும் சன்னலுக்கு வெளியே மாற்றுகிறார். வெப்பத்தைத் தேடிப் போகும் இந்தப் பழக்கத்தை மலைவாசிகள் எல்லோருக்கும் பரிந்துரைப்பேன். பனிமூட்டம் விலகாத நாள்களில் தட்டு காய்வதே இல்லை என்பதால் அங்கே தண்ணீரைக் கையிறுக்கமாகப் பயன்படுத்தவேண்டும். ஏற்காடு அமைந்துள்ள சேர்வராயன் மலைக்கே உரிய இன்னொரு பாடமும் உண்டு. 1820களில் சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் காலத்தில் இம்மலைக்கு வந்த காப்பியின் விதையை, தக்காளி விதையைப் போல நன்றாகக் காயவைத்து ஆண்டுக்கணக்கில் வைத்திருக்க முடியாது. நிழலில் உலர்த்தி, சில மாதங்களுக்குள் விதைத்துவிடவேண்டும். முளைக்கவும் ஒன்றரை மாதம் ஆகும். எல்லா விதைக்கும் ஒரே விதி இல்லை என்பதை இதைவிட நன்றாகக் காட்டும் சான்று இந்த மாவட்டத்தில் இல்லை.

விதையை எங்கே வாங்குவது என்று கேட்பவர்களிடம், முதல் விதையை உங்கள் அஞ்சறைப்பெட்டியிலிருந்தே எடுங்கள் என்கிறேன். வெந்தயத்தை இரவு ஊறவைத்து மறுநாள் ஒரு அகலமான தட்டில் தூவி மெல்லிய மண் போர்த்தினால், மூன்றாம் நான்காம் நாளே முளை தெரியும். மூன்று நான்கு வாரத்தில் கீரை பறிக்கலாம். தண்ணீர் எவ்வளவு ஊற்றினால் மண் எப்படி இருக்கும் என்பதைக் கைக்குப் பழக்க இதைவிட மலிவான வழி இல்லை. அடுத்து கடுகு; அதன்பின் கொத்தமல்லி. மல்லி உருண்டை ஒவ்வொன்றிலும் இரண்டு விதைகள் இருப்பதால், சப்பாத்திக் கட்டையால் மெதுவாக உருட்டி இரண்டாக உடைத்து ஊறவைக்கவேண்டும். இந்த மூன்றையும் வளர்த்தவர் கத்தரிக்குத் துணிந்து போகலாம். கடையில் வாங்கிய கத்தரிக்காயிலிருந்தும் வெண்டைக்காயிலிருந்தும் விதை எடுக்க முயல்வது மட்டும் வீண். அவை விதை முற்றுவதற்கு முன்பே, பிஞ்சிலேயே, பறிக்கப்படுபவை. தக்காளி பழுத்தே வருவதால் அதன் விதை முளைக்கும். ஆனால் இன்று சந்தைக்கு வருவதில் பெரும்பகுதி, இரு வேறு செடிகளைக் கலந்து உருவாக்கிய வீரிய ஒட்டு ரகமாக இருப்பதால் மகள் செடி தாயைப் போல இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

பொட்டலம் வாங்கும்போது படத்தைப் பார்க்காமல் பின்பக்கத்தைப் பாருங்கள். ரகத்தின் பெயர், முளைப்புத்திறன், பரிசோதித்த நாள், காலாவதி நாள் ஆகிய நான்கும் அங்கே இருக்கவேண்டும். சான்று விதைக்கான குறைந்த அளவு முளைப்புத்திறன் தக்காளிக்கும் கத்தரிக்கும் 70 விழுக்காடு, வெண்டைக்கு 65, மிளகாய்க்கு 60. அதாவது, நல்ல மிளகாய் விதையிலேயே பத்துக்கு நான்கு முளைக்காமல் போகலாம். அதற்காக மனம் தளரவேண்டியதில்லை. வீட்டுத் தோட்டத்திற்குப் பெரியகுளத்தில் உருவாக்கப்பட்ட பி.கே.எம். 1 தக்காளியும், மஞ்சள் நரம்புத் தேமல் என்ற நோயைத் தாங்கும் அர்க்கா அனாமிகா வெண்டையும் எனக்குப் பிடித்தவை. இரண்டும் ஒட்டு ரகங்கள் அல்ல என்பதால் அடுத்த ஆண்டிற்கு நாமே விதை எடுத்துக்கொள்ளலாம். இளஞ்சிவப்பு, நீலம் போன்ற நிறம் பூசிய விதைகள் பூசணக்கொல்லி மருந்து கலந்தவை; அவற்றைக் குழந்தைகள் கையில் கொடுக்கக்கூடாது, தொட்ட கையைக் கழுவவேண்டும்.

உறவினர் வீட்டிலிருந்து வந்த பழைய விதையாக இருந்தால் சோதித்துப் பார்த்துவிட்டு விதைப்பதே முறை. ஈரத் துணியில் பத்து விதைகளை வரிசையாக வைத்துச் சுருட்டி, அதை மூடிய டப்பாவில் நிழலில் வையுங்கள். தக்காளிக்கு ஒரு வாரம், மிளகாய்க்கு இரண்டு வாரம் பொறுத்துப் பிரித்துப் பார்த்தால், எத்தனை முளைத்திருக்கின்றன என்பதைக் கொண்டு நாற்றுத்தட்டின் ஒரு குழிக்கு ஒன்று போடுவதா, இரண்டு மூன்று போடுவதா என்று முடிவு செய்யலாம். முளைத்தவற்றையும் வேர் ஒடியாமல் எடுத்து மண்ணில் வைத்துவிடலாம்.

நம் ஊர்ச் செம்மண் செடிக்கு நல்லதுதான், ஆனால் தனியாக நாற்றுத்தட்டில் நிரப்பினால் தண்ணீர் பட்டுக் காய்ந்ததும் மேலே ஓடுபோல இறுகிவிடும். கீரை, கோழிக்கொண்டை போன்ற நுண்ணிய விதைகளின் முளை அதை உடைத்துக்கொண்டு வர முடியாது. தென்னை நார்க்கழிவு இரண்டு பங்கு, சலித்த மண்புழு உரம் ஒரு பங்கு என்ற கலவை நாற்றுக்குப் போதுமானது. நார்க்கழிவுக் கட்டியை ஊறவைத்து, பழுப்பு நீர் தெளியும் வரை இரண்டு மூன்று முறை அலசிப் பிழிந்தால் அதிலுள்ள உப்பு போய்விடும். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், சேலத்தின் பல பகுதிகளில் ஆழ்துளைக் கிணற்று நீரே உப்பும் கடினத்தன்மையும் மிக்கது; தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படிவதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். கலவையிலும் உப்பு, நீரிலும் உப்பு என்றால் இளம்வேர் கருகிவிடும். நாற்றுக்கு மட்டுமாவது காவிரிக் குழாய்த் தண்ணீரையோ பிடித்துவைத்த மழைநீரையோ பயன்படுத்துங்கள்.

எந்த விதையை நேரடியாக விதைப்பது, எதை நாற்றாக்கி நடுவது என்பதில் குழப்பம் வேண்டியதில்லை. தக்காளி, கத்தரி, மிளகாய், முட்டைக்கோசு, செண்டுமல்லி ஆகியவை நாற்று விடுபவை. வெண்டை, அவரை, கொத்தவரை, கீரைகள், முள்ளங்கி ஆகியவை அந்தந்த இடத்திலேயே முளைக்கவேண்டியவை. குறிப்பாக முள்ளங்கியையும் கேரட்டையும் பிடுங்கி நட்டால் கிழங்கு கவை விட்டுக் கோணலாகிவிடும். பாகல், புடல், சுரை ஆகியவற்றை நேரடியாகவும் விதைக்கலாம், காகிதக் கோப்பையில் முளைக்கவைத்து மண் உதிராமல் அப்படியே இறக்கியும் வைக்கலாம். விதையின் கனத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு ஆழத்திற்கு மேல் எதையும் புதைக்கவேண்டாம். வெண்டையை ஓர் இரவு ஊறவைத்தால் போதும். பாகல் விதையின் தோல் தடிமனாக இருப்பதால் அதன் கூர்முனையை நகவெட்டியால் இலேசாகக் கிள்ளிவிட்டு ஊறவைத்தால் முளைப்பு சீராக இருக்கும். தண்டுக்கீரை விதையைத் தூவிய அன்றே எறும்புகள் வரிசையாகச் சுமந்துகொண்டு போய்விடும். விதையோடு கொஞ்சம் ரவையைக் கலந்து தூவினால் எறும்புகள் ரவையை எடுத்துக்கொண்டு விதையைப் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன. கீரை விதைப்பவர்களிடையே பழக்கத்தில் உள்ள இந்த முறை எனக்கும் நன்றாகவே பயன்படுகிறது.

இனி தண்ணீர். குவளையால் மொண்டு ஊற்றினால் விதை ஓர் ஓரமாக ஒதுங்கிவிடும் அல்லது ஆழத்தில் புதைந்துவிடும். எனவே மெல்லிய துளைகள் உள்ள பூவாளி அவசியம். விதைத்த பின் நனைப்பதைவிட, கலவையை முன்பே நனைத்துப் பிசைந்து, கையில் இறுக்கிப் பிடித்தால் ஒன்றிரண்டு சொட்டு மட்டும் வடியும் பதத்தில் தட்டை நிரப்பி, பிறகு விதைப்பது மேல். விதைத்த தட்டை ஒரு ஈரச் சாக்காலோ செய்தித்தாளாலோ மூடி நிழலில் வைத்தால், முளைக்கும் வரை தண்ணீரே ஊற்றாமல்கூட இருக்கலாம். ஆனால் நாள்தோறும் காலையிலும் மாலையிலும் மூடியைத் தூக்கிப் பார்க்கவேண்டும். முதல் சில முளைகள் வளைந்த கழுத்தோடு தலைகாட்டிய அன்றே மூடியை எடுத்துவிடவேண்டும். மீதியும் முளைக்கட்டும் என்று மறுநாள் வரை விட்டுவைத்தால் முளைத்தவை வெளுத்து நீண்டுவிடும்.

மூடி எடுத்த பிறகு தண்ணீர் காலையில் மட்டும். மாலையில் ஊற்றினால் இரவு முழுவதும் தண்டின் அடியில் ஈரம் நிற்கும். நாற்றழுகல் நோயைத் தரும் பித்தியம் போன்ற பூசணங்களுக்கு அதுதான் வாய்ப்பு. முதல்நாள் நிமிர்ந்து நின்ற நாற்று மறுநாள் காலை தரையோடு கழுத்து சூம்பிச் சாய்ந்துகிடந்தால் அதுவே இந்த நோய். சாய்ந்த நாற்றைக் காப்பாற்ற மருந்து கிடையாது. அடர்த்தியாக விதைக்காமல் இருப்பதும், தண்ணீரைக் குறைப்பதும், காற்றோட்டம் கொடுப்பதுமே மற்றவற்றைக் காக்கும். விதைக்கும் முன்பே டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூசணத்தை விதையோடு கலந்துகொள்ளலாம். வேளாண்மைத் துறையின் அளவு ஒரு கிலோ விதைக்கு 4 கிராம். வீட்டில் ஒரு பொட்டல விதைக்கு விரல்நுனியில் எடுக்கும் சிட்டிகையே தாராளம். இதில் ஐயம் இருப்பவர்கள் சந்தியூரில் இருக்கும் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டுத் தெளியலாம்.

வெளிச்சத்தைப் பற்றிப் பேசும்போது எனக்கு ஆடி மாத முளைப்பாரியே நினைவுக்கு வருகிறது. மாரியம்மனுக்காக நவதானியத்தை இருட்டறையில் வைத்து வளர்ப்பதால் அந்தப் பயிர் இளமஞ்சளாக, மெல்லியதாக, ஒரே சீராக நீண்டு வளர்ந்து கண்ணைப் பறிக்கிறது. வெளிச்சத்தைத் தேடி, தன்னிடம் உள்ள சேமிப்பு முழுவதையும் நீளத்திற்கே செலவிட்ட பயிர் அது; ஊர்வலம் வரை நின்றால் போதும். தக்காளி நாற்று ஆறு மாதம் நிற்கவேண்டியது. வெயிலில் வாடிவிடுமே என்று இரக்கப்பட்டு வீட்டிற்குள் வைக்கப்படும் நாற்றுகள் முளைப்பாரியின் நிறத்தை எய்திவிடுகின்றன. முளைத்த முதல் வாரம் காலை வெயில் இரண்டு மூன்று மணி நேரம், இரண்டாம் வாரம் நண்பகல் வரை, அதன்பின் பச்சை நிழல்வலையின் கீழ் நாள் முழுவதும் என்று படிப்படியாகப் பழக்கினால் தண்டு குட்டையாகத் தடித்து, இலை கரும்பச்சையாக இருக்கும். குழிக்கு இரண்டு முளைத்திருந்தால் மெலிந்ததைப் பிடுங்காமல் கத்தரிக்கோலால் அடியில் வெட்டுங்கள்; பிடுங்கினால் மற்றதன் வேரும் அசையும். உயிருள்ள நாற்றை வெட்ட மனம் வராதவர்கள் ஒரே குழியில் இரண்டையும் நெருக்கி வளர்த்து இரண்டிலும் காய் குறைவாகப் பெறுகிறார்கள்.

பூக்களில் தொடக்கத்திற்குச் செண்டுமல்லியைவிட நம்பகமானது எதுவும் இல்லை. ஐந்தாறு நாளில் முளைத்து, ஒரு மாதத்திற்குள் நடவுக்குத் தயாராகி, நட்ட இரண்டு மாதத்தில் பூக்கும். வ.உ.சி. பூ மார்க்கெட்டில் ஆயுதபூசைக்கு விலை ஏறுவது நமக்குத் தெரிந்ததே. ஆடி முதல் வாரத்தில் விதைத்துவைத்தால் வாசல் மாலைக்கு வீட்டுப் பூ கிடைக்கும். பொங்கலுக்கு வேண்டுமென்றால் புரட்டாசிக் கடைசியில் விதைக்கவேண்டும். காசித்தும்பை மழைக்காலத்திற்கு மிகவும் ஏற்றது; முற்றிய காயைத் தொட்டாலே வெடித்து விதை சிதறும் என்பதால், காய் வெளுக்கத் தொடங்கியதும் கையைக் குவித்துப் பிடித்துக்கொண்டு பறிக்கவேண்டும். சங்குப்பூ விதையை உப்புத்தாளில் ஒருமுறை உரசி ஊறவைத்தால் விரைவாக முளைக்கும். கோழிக்கொண்டையும் தண்டுக்கீரையும் ஒரே குடும்பம். இரண்டின் விதையும் கறுத்துப் பளபளக்கும், இரண்டையும் மண்மேல் தூவி மணலை மட்டும் போர்த்தினால் போதும். பெட்டூனியாவின் விதையோ தூசிபோல இருக்கும், முளைக்க வெளிச்சமும் வேண்டும், மண்ணே போர்த்தக்கூடாது; அதை ஏற்காட்டார் முயலட்டும், சேலத்தில் புதியவர்களுக்கு அது வேண்டாம். மல்லிகையும் அரளியும் குச்சியிலிருந்து வருபவை என்பதால் இங்கே அவற்றுக்கு இடமில்லை.

தக்காளி நாற்றை 25 நாளிலும், கத்தரியை 30 முதல் 35 நாளிலும், மிளகாயை 40 நாளுக்குச் சற்று மேலும் நடலாம். நாளைவிட இலையையும் வேரையும் நம்புவது நல்லது: நான்கைந்து இலை விரிந்து, குழியிலிருந்து இழுத்தால் வேர் கலவையைப் பின்னிப் பிடித்துக்கொண்டு முழுதாக வரவேண்டும். நடுவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே தண்ணீரைச் சற்றுக் குறைத்து, நிழல்வலையை நீக்கி, வெயிலுக்குப் பழக்குங்கள். மாலை நான்கு மணிக்கு மேல் நடவேண்டும். தக்காளித் தண்டை விதையிலை வரை மண்ணுக்குள் இறக்கலாம், புதைந்த தண்டிலும் வேர் விடும். கத்தரியையும் மிளகாயையும் தட்டில் இருந்த அதே ஆழத்தில் வைத்தால் போதும். நட்டவுடன் ஒரு தண்ணீர், மூன்றாம் நாள் உயிர்த்தண்ணீர், பிறகு மண்ணைத் தொட்டுப் பார்த்து ஊற்றுவது. தொழுவுரமும் கரைசல்களும் புதுத் தளிர் தெரிந்த பின்பு தொடங்கினால் போதுமானது.

மீந்த விதையைப் பொட்டலத்தோடு ஒரு கண்ணாடிப் புட்டியில் போட்டு, அடியில் வறுத்து ஆறவைத்த அரிசி ஒரு கைப்பிடி இட்டு, இறுக மூடிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவுப்பக்கத்தில் வையுங்கள். அரிசி ஈரத்தை இழுத்துக்கொள்ளும். வெளியே எடுக்கும்போது புட்டி அறைவெப்பத்திற்கு வந்த பிறகே திறக்கவேண்டும், இல்லாவிட்டால் உள்ளே நீர் பூத்துவிடும். இப்படி வைத்தால் தக்காளியும் கத்தரியும் மூன்று நான்கு ஆண்டுகள் தாங்கும். வெங்காய விதை மட்டும் ஓராண்டிலேயே வீரியம் இழந்துவிடும் என்பதால், அதை வாங்கிய பட்டத்திலேயே முழுவதும் விதைத்துவிடுங்கள்.